இறைக்கிற கிணறு

(குரோம்பேட்டையில் ஒரு நகர் நலச் சங்கத்தின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கு நடுவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, பள்ளித் தலைமையாசிரியை அம்மையார் அவர்களே, ஓய்வுபெற்ற நீதிபதி ஐயா அவர்களே, ஒலிபெருக்கி கொடுத்த பந்தல்காரத் தம்பியே, பொருளாளர் அவர்களே! போன ஆண்டு பொருளாளர் பேரை விட்டுவிட்டேன். மூன்று மாதம் என் வீட்டுப் பக்கம் சந்தா வாங்கவே அவர் வரவில்லை. எனக்கு லாபம்தான். இருந்தாலும் இந்த முறை தனியாக ஒரு வணக்கம். பொன்னாடை போர்த்திய செயலாளருக்கு நன்றி. இந்தப் புழுக்கத்தில் அதை மடித்து வைத்ததற்கு மன்னிப்பு.

நம் ஊர் வரலாற்றைப் பேசச் சொன்னார்கள். மூன்று செய்தி சொல்கிறேன். பேர் வந்த கதை, ரயில் வந்த கதை, மனிதர்கள் வந்த கதை.

வரலாறு என்றால் பக்கத்து ஊர்க்காரர்கள் நம்மை மடக்கிவிடுவார்கள். 1863 மே 30ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அறிஞர் பல்லாவரத்தில் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். அது கற்கால மனிதன் செதுக்கிய கோடரி. அங்கே மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரையும் இருக்கிறது. நமக்கு என்ன இருக்கிறது? ஒரு ரசாயனத்தின் பேர் இருக்கிறது. குரோமியம் என்ற உலோகத்தின் பேரில் பாதியைப் பிடுங்கிப் பேட்டையோடு ஒட்டவைத்த ஊர் நம்முடையது.

பேர் வந்தது குரோம் லெதர் கம்பெனியால் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த குரோம் தோல் எதற்காக வந்தது என்பதுதான் பலருக்குத் தெரியாது. அதற்கு முன் நம் பக்கத்தில் தோலை ஆவாரம் பட்டையில் ஊறவைத்துப் பதனிடுவார்கள். வாரக்கணக்கில் ஆகும். அந்தத் தோலில் சால் என்ற தண்ணீர்ப் பை தைத்து, மாடு கட்டி, கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பார்கள். அந்த இறவைக்குக் கவலை என்று பேர். நித்தம் நனைந்து நனைந்து தோல் இற்றுப்போகும். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக் கலைப் பள்ளியில் இருந்த ஆல்பிரட் சாட்டர்டன், குரோம் உப்பில் பதனிட்டால் தோல் தண்ணீருக்குத் தாங்கும் என்று சோதனை செய்து, அதைக் கவலைக்குப் பயன்படுத்தச் சொன்னார். பிறகு சேம்பர்ஸ் என்பவரின் கம்பெனி இங்கே வந்தது. ஆக, நம் ஊர்ப் பேருக்குள் கிணறு இருக்கிறது ஐயா! உழவனின் கவலையைத் தீர்க்க வந்த தோல் நமக்குக் கொடுத்த கவலையைப் பின்னால் சொல்கிறேன்.

என் பாட்டி ஒரு பழமொழி சொல்வாள்: இறைக்கிற கிணறு ஊறும், இறையாத கேணி நாறும். இதை நான் எங்கே போனாலும் சொல்வேன். நூலகத் திறப்பு விழாவிலும் சொல்லியிருக்கிறேன், ஒரு கல்யாணத்திலும் சொல்லிக் கெட்டபேர் வாங்கியிருக்கிறேன்.

எழுபதுகளில் எங்கள் தெருவில் வீட்டுக்கொரு கிணறு. ஆனால் தெருவுக்கே ஒரே ஒரு பாதாளக் கரண்டி. இளைஞர்களுக்காகச் சொல்கிறேன்: இரும்பு வளையத்தில் கொத்துக் கொத்தாகக் கொக்கிகள் தொங்கும். கிணற்றில் விழுந்த வாளியை அதை இறக்கித் துழாவி எடுப்பார்கள். இரவல் கேட்டால் சும்மா தரமாட்டார்கள். ஒரு சொம்பையோ குடத்தையோ அடகு வைக்க வேண்டும். கரண்டி திரும்பினால்தான் சொம்பு திரும்பும்.

என் அத்தை நிச்சயதார்த்தத்தன்று விடியற்காலை எங்கள் வெண்கலக் குடம் கயிறு அறுந்து உள்ளே போய்விட்டது. "ஓடுடா, கரண்டி வாங்கிட்டு வா" என்றாள் பாட்டி. சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கரண்டிக்காரர் வீட்டில், "எதிர்வீட்டுல வாங்கிட்டுப் போனாங்க, இதோ அவங்க அண்டா" என்றார்கள். எதிர்வீட்டில், "மூலைவீட்டு அம்மா கேட்டாங்கன்னு குடுத்தோம், இதோ அவங்க தூக்கு" என்றார்கள். மூலைவீட்டில் ஒரு தவலையைக் காட்டி வாத்தியார் வீட்டுக்கு அனுப்பினார்கள். தெரு முழுக்க அடுத்தவர் பாத்திரத்தில்தான் அன்றைக்குச் சமையல்! வாத்தியார் திண்ணையில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். "கரண்டி கிணத்துல விழுந்துடுச்சுப்பா" என்றார்.

பாதாளக் கரண்டியை எடுக்க எந்தக் கரண்டி? நாகல்கேணியிலிருந்து தூர் வாரும் ஒரு பெரியவரைக் கூட்டிவந்தோம். கயிற்றைப் பிடித்து இறங்கினார். மாப்பிள்ளை வீட்டார் வருகிற நேரம், எங்கள் வீட்டு ஆட்கள் எல்லோரும் வாத்தியார் கிணற்றடியில்! மேலே வந்தவர் ஒவ்வொன்றாக வைத்தார். கரண்டி, மூன்று டம்ளர், ஒரு பூட்டு, இரண்டு வாளி. ஒரு டம்ளரைப் பாட்டி புடவைத் தலைப்பால் தேய்த்தாள். புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்தில் அவள் பேர்! அவள் டம்ளர் வாத்தியார் கிணற்றுக்குள் எப்படிப் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. வாத்தியார் முகத்தைப் பார்க்கவேண்டுமே! பாட்டி ஒன்றும் கேட்கவில்லை. டம்ளரை இடுப்பில் செருகிக்கொண்டு, "நிச்சயத்துக்கு நேரமாச்சு, நீங்களும் வாங்க" என்றாள். வாத்தியார் குடும்பத்தோடு வந்து சாப்பிட்டார்.

இதுதான் மனிதர்கள் வந்த கதை. நாலா ஊரிலிருந்தும் மனை வாங்கி வந்தவர்களை உறவாக்கியது அந்தக் கொக்கிகள்தான். இறைக்கிற கிணறு ஊறும்!

ரயில் கதை மீதி இருக்கிறது. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓடியது. தொழிலதிபர் ராஜம் தம் மாளிகையை விற்று 1949இல் எம்.ஐ.டி. என்ற பொறியியல் கல்லூரியைத் தொடங்கினார்; கலாம் இங்கேதான் வானூர்திப் பொறியியல் படித்தார். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். விரிவாக அடுத்த ஆண்டு.

இப்போது கவலைக்கு வருகிறேன். நாகல்கேணி! பேரிலேயே கேணி. அந்தப் பக்கம் தோல் பதனிடும் தொட்டிகளின் கழிவு மண்ணில் இறங்கி, கிணற்று நீர் உப்பேறி, பருப்பு வேகாத தண்ணீர் ஆகிவிட்டது. தமிழ்நாட்டுத் தோல் ஆலைக் கழிவுகள் பற்றி 1996இல் உச்ச நீதிமன்றமே கடுமையான தீர்ப்பு சொன்னது. நீதிபதி ஐயாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த ஆலைகளில் கூலிக்கு நின்றவர்களும் நம் ஊர்க்காரர்கள்தான், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் கழிவு எட்டாத தெருக்களில் கிணறுகளைக் கொன்றது யார்? நாம்தான். அடுக்குமாடி கட்டுகிறவர் கேட்டதும், கார் நிறுத்த இடம் வேண்டுமென்று கட்டட இடிபாட்டைக் கொட்டி மூடினோம். 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது ஒரு குழாயைச் சுவரோரம் செருகி, அதிகாரி பார்த்துவிட்டுப் போனதும் மறந்தோம். என் வீட்டுக் கிணற்றையும் 1998இல் மூடினோம். கையெழுத்துப் போட்டது நான்.

மாமன்ற உறுப்பினர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். 2021இல் நாம் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்தோம். இனி வீடு இடித்துக் கட்ட அனுமதி கேட்டால், அந்த மனையில் கிணறு உண்டா என்று ஒரு கேள்வி இருக்கட்டும். உண்டு என்றால், மொட்டைமாடித் தண்ணீரை அதில் இறக்கிய பிறகு அனுமதி கொடுங்கள். அவர் தலையசைக்கிறார், புகைப்படக்காரர் தம்பி, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், பேனாவும் கட்டித் தொங்குகிறது. உங்கள் வீட்டில் மூடாத கிணறு இருந்தால் கதவு எண்ணும் ஆழமும் எழுதுங்கள். மூடியிருந்தால் எந்த ஆண்டு என்று எழுதுங்கள். முதல் வரியில் என்னுடையது இருக்கிறது. பக்கத்தில் மேசைமேல் இருப்பது அந்தப் பழைய பாதாளக் கரண்டியேதான், வாத்தியார் வீட்டுப் பிள்ளைகள் கொடுத்தார்கள். இரண்டு கொக்கி போய்விட்டது, மற்றது திடமாக இருக்கிறது. தேவைப்படுகிறவர்கள் எடுத்துப் போகலாம். ஒரு சொம்பு வைத்துவிட்டு.