நிலம் உங்கள் பெயரில் இருக்கிறது

(சென்னையில் நடந்த ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். முதலில் ஒரு கேள்வி. இங்கே எத்தனை பேருக்குச் சொந்த ஊரில் நிலம் இருக்கிறது? கொஞ்சம் கை தூக்குங்கள். பாதிப் பேருக்கு மேல் தூக்கியிருக்கிறீர்கள். செய்யாறு, மதுராந்தகம், தஞ்சாவூர் என்று எங்கேயோ உங்கள் பெயரில் பட்டா இருக்கிறது. குத்தகைக்கோ வாரத்துக்கோ விட்டுவிட்டு இங்கே வேலை பார்க்கிறீர்கள். விவசாயிகளின் உடல்நலம் பற்றிப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். ஆனால் அந்த நிலத்தில் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் நீங்களும் பொறுப்பு என்பதால், உங்களைப் பற்றியும் பேசப்போகிறேன்.

அம்பத்தூர் பட்டறையில் ஒருவரின் கை மெஷினில் மாட்டிக்கொண்டால் விபத்து என்று பதிவாகும். ஆய்வாளர் வருவார். இ.எஸ்.ஐ. காப்பீடு இருக்கிறது, இழப்பீடு கேட்க வழி இருக்கிறது. எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்லமாட்டேன். ஆனாலும் போய்க் கேட்க ஓர் இடம் உண்டு. தொழிற்சாலைகள் சட்டம் 1948-லேயே வந்துவிட்டது. அதே ஆளின் கை ஊரில் கதிரடிக்கும் மெஷினில் போனால், "அவனுக்கு நேரம் சரியில்லை" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். வேளாண் வேலையின் பாதுகாப்புக்கென்றே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2001-ல் ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. வயலும் ஒரு வேலைத்தலம்தான் என்று நாம் மனதார ஒப்புக்கொள்ளாத வரை இந்த நிலை மாறாது.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்வோம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்பு கடித்து இறந்திருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர். பெரும்பாலும் கிராமத்து மக்கள். களை எடுக்கும்போது, அறுக்கும்போது, ராத்திரி மோட்டார் போட வரப்பில் நடக்கும்போது கடிபட்டவர்கள். கடலைக் கொல்லையிலும் நெல் வயலிலும் எலியைத் தேடி வரும் கண்ணாடி விரியன் கடித்தால் ரத்தம் உறையாமல் போகும், சிறுநீரகம் கெடும். கட்டுவிரியன் வேறு மாதிரி. தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவரை நடு ராத்திரியில் கடிக்கும். வலியே தெரியாது. விடியற்காலையில் வயிற்றைப் பிசைகிறது என்பார், இமை தானாக மூடிக்கொள்ளும். வீட்டில் இருப்பவர்கள் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துச் சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அதற்குள் மூச்சுத் தசைகள் செயலிழக்கத் தொடங்கிவிடும்.

கடிபட்டால் கயிறு கட்டக் கூடாது, பிளேடால் கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. வீங்குவதற்கு முன்பே மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு வரவேண்டிய அவசியமே இல்லை. ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்தால், உறைகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். எந்தச் சிறிய மருத்துவமனையிலும் செய்யக்கூடிய சோதனை இது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான்.

அந்த மருந்தின் தொடக்கம் இங்கே பக்கத்திலேயே இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கப்பட்ட இருளர் பழங்குடியினரின் கூட்டுறவுச் சங்கம் பாம்புகளைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விட்டுவருகிறது. மருந்து தயாரிக்கும் நிறுவனங்களுக்கு விஷம் அங்கிருந்து போகிறது. வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. 2024-ல் பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டியதாகத் தமிழக அரசு அறிவித்ததும் நல்ல செய்தி. எங்கே எத்தனை பேர் கடிபடுகிறார்கள் என்று தெரிந்தால்தான் எந்த ஆஸ்பத்திரியில் எவ்வளவு மருந்து வைக்க வேண்டும் என்பது தெரியும்.

அடுத்து, பூச்சி மருந்து. மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் 2017-ல் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். யாரும் அதைக் குடிக்கவில்லை. ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்த செடிகளுக்கு நடுவே அடித்தபோது உடம்பில் பட்டதும் மூச்சில் போனதும்தான். இந்த விஷங்களில் பல, தோல் வழியாகவே உள்ளே போகும். முதுகில் மாட்டிய ஸ்பிரேயரின் வாஷர் தேய்ந்து ஒழுகினால், நனைந்த சட்டையோடு மாலை வரை நிற்கிறவர் அவ்வளவு நேரமும் விஷத்தை உடம்பில் வாங்கிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். வேர்த்துக் கொட்டி, எச்சில் ஊறி, கண்மணி சுருங்கி, நெஞ்சு அடைத்தால் உடனே சட்டையைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டப்பாவில் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் டாக்டர் முறிவு மருந்தை முடிவு செய்வார். அந்த டப்பாவில் சாய்சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பு என்றால் மிகக் கடுமையான விஷம், அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. படிக்கத் தெரியாதவருக்கும் நிறம் தெரியும், ஆனால் யாரும் சொல்லித் தருவதில்லை.

படங்களில் காட்டுகிற முழு உடல் கவசத்தைச் சித்திரை வெயிலில் யாராலும் போட முடியாது. போடச் சொல்லிவிட்டுக் கைகழுவுவது நியாயமே இல்லை. முழுக்கைப் பருத்திச் சட்டை, கையுறை, முதுகுக்கும் ஸ்பிரேயருக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள், ஒழுகாத வாஷர், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கவனித்து, வெயிலுக்கு முன்பே முடிக்கும் வேலை. இவ்வளவும் நடக்கக்கூடியவைதான்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. நடவு நடுகிறவர்கள் காலையிலிருந்து வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதில்லை. ஒதுங்க இடமில்லை, அதனால்தான். கொளுத்தும் வெயிலில் தண்ணீர் இல்லாமல் குனிந்து நின்றால் சிறுநீர்த் தொற்று வரும், சிறுநீரகமும் பாதிக்கப்படும். வெப்ப அலையைத் தமிழக அரசு 2024-ல் மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஆனால் ஒதுங்க ஒரு மறைவு கட்டித்தருவது நில உரிமையாளரின் வேலை. மோட்டார் கொட்டகையை ஒட்டி நான்கு தகரமும் ஒரு கதவும் போதும். சென்னையில் ஒரு மாத வீட்டு வாடகைக்கு ஆகும் பணம்கூட ஆகாது.

நடவுச் சேற்றில் பூட்ஸ் போட்டு நிற்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் வரப்பில் நடக்க, அறுக்க, ராத்திரி மோட்டாருக்குப் போக அது வேண்டும். கூடவே ஒரு நல்ல டார்ச், படுக்கும்போது பாய்க்கு அடியில் செருகிவிட ஒரு கொசுவலை. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் நிலத்தில் வேலை செய்பவர்களுக்கு வேட்டி, சேலை எடுத்துக்கொண்டு போவீர்கள். இந்த வருடம் இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போவதற்கு முன்னால் போன் பண்ணி ஒவ்வொருவரின் கால் அளவையும் கேளுங்கள், பெண்களின் அளவையும் சேர்த்து. கடையில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் ஆண்கள் அளவுதான், தேடித்தான் வாங்க வேண்டியிருக்கும். ஸ்பிரேயர் வாஷர் எப்போது மாற்றினார்கள் என்றும் அப்படியே விசாரியுங்கள்.

இனி உங்கள் கேள்விகள். நிலம் வைத்திருப்பவர்கள் முதலில் கேளுங்கள்.