பீஷானில் ஆறு வளைந்த கதை

நேயர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரின் பீஷானில் வளர்ந்த எங்களுக்குக் காலாங் ஆறு என்றால் லோங்காங், அதாவது சாக்கடை வடிகால். அவ்வளவுதான். நேர்கோடாகப் போகும் சிமெண்டுக் கால்வாய், ஓரத்தில் வேலி, அடியில் ஒரு கோடு தண்ணீர். மழை கொட்டினால் மட்டும் சீறிக்கொண்டு ஓடும். கட்டியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வெள்ளத்துக்குப் பயந்த காலத்தில் தண்ணீரைச் சட்டென்று கடலுக்கு அனுப்புவதுதான் எல்லோருக்கும் பெரிதாகத் தெரிந்தது.

2009ல் பொதுப் பயனீட்டுக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் சேர்ந்து அந்தச் சிமெண்டை உடைக்கத் தொடங்கின. 2.7 கிலோமீட்டர் கால்வாய், 3.2 கிலோமீட்டர் நெளிந்தோடும் ஆறானது. 2012 மார்ச்சில் திறப்பு. உடைத்த துண்டுகளைக்கூட வீணாக்காமல், ஆறு ஓடும் பீஷான்-அங் மோ கியோ பூங்காவிலேயே ஒரு குன்றாக்கிவிட்டார்கள்.

சரி, சிமெண்டு போனால் நம் ஊர் மழைக்குக் கரை அரித்துப் போகாதா? அந்தக் கவலை பொறியாளர்களுக்கும் இருந்தது. அதனால் முதலில் ஒரு பக்க வாய்க்காலில், 60 மீட்டர் நீளத்துக்குப் பல விதமாகக் கரை கட்டிச் சோதித்தார்கள். கம்பிவலைக்குள் கற்கள், விரிப்பில் சுற்றிய மண், கட்டுக் கட்டாகக் குச்சிகள். குச்சிகளில் உயிர் இருந்தது. பூவரசங் கிளையை வேலிக்கு நட்டால் துளிர்க்குமே, அதேபோல வேர்விட்டு மண்ணை இறுக்கிக்கொண்டன.

எனக்குப் பிடித்தது நீரோரப் பாதைதான். வெயில் நாளில் அது நமக்கு. பெருமழையில் ஆறு 100 மீட்டர் வரை அகலும், புல்வெளியும் பாதையும் அதற்குள் போய்விடும். அதற்கு முன்பே சங்கு ஊதும், விளக்கு எரியும், மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். நடக்க முடியவில்லையே என்று சலித்துக்கொள்பவர்களும் உண்டு. ஆற்றுக்கு இடம் விடத்தானே பாதையைத் தாழ்வாகப் போட்டார்கள்!

மழை விட்டதும் போய்ப் பாருங்கள். புல்லெல்லாம் சீப்பால் வாரியதுபோல ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். அதிர்ஷ்டமிருந்தால் நீர்நாய்கூடத் தென்படும்.

போன மாதம் அப்படிப் போனேன். ஆற்றைக் கடக்கப் போட்ட கற்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டிக்கொண்டிருந்தன. மேட்டில் குடையோடு ஒரு சீனத் தாத்தா. நடுக்கல்லைக் காட்டி, இன்னும் பத்து நிமிஷம் ஆகும் என்றார். நானும் பக்கத்தில் நின்றுகொண்டேன்.