ரத்தத்தை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு டாக்டர் எங்கே போனார்? எமர்ஜென்சியில் நம்மை ஏன் காக்க வைக்கிறார்கள்

[திரையில்: ஒரு கண்ணாடிக் குழாய். அடியில் கொஞ்சம் ரத்தம்.]

பாம்பு கடித்த ஒருவரைத் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு ஓடுகிறீர்கள். டாக்டர் வருகிறார். கடிவாயைப் பார்க்கிறார், ரத்தம் எடுக்கிறார், அதை ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு மேஜை ஓரமாக நிறுத்தி வைக்கிறார். அப்புறம் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார். ஐந்து நிமிடம் ஆகிறது, பத்து நிமிடம் ஆகிறது. அந்தக் குழாயை யாரும் தொடவில்லை. லேபுக்கும் கொண்டுபோகவில்லை. "இங்க உயிர் போகுது, ரத்தத்தை எடுத்து வச்சிட்டு வேடிக்கை பாக்குறீங்களா?" என்று கூட வந்தவர்களில் ஒருவர் குரலை உயர்த்துகிறார்.

அந்தக் குழாயை யாரும் தொடாமல் விட்டிருப்பதுதான் பரிசோதனையே. எப்படி என்று கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன். அதுவரை இருங்கள், இந்த வீடியோவில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி அதுதான்.

வணக்கம். எமர்ஜென்சிக்குப் போய்வந்த யாரைக் கேட்டாலும் முதலில் வரும் புகார், "போனோம், சும்மா உட்கார வச்சிட்டாங்க" என்பதுதான். அந்தப் புகாரில் பாதி நியாயம் இருக்கிறது. எந்தப் பாதி என்பதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

[திரையில்: சிவப்பு, மஞ்சள், பச்சைப் பட்டைகள்.]

பின்னணியை வேகமாக முடித்துவிடலாம். நெப்போலியன் படையில் லாரே என்று ஓர் அறுவை மருத்துவர் இருந்தார். அடிபட்டவர் தளபதியா சிப்பாயா, நம் ஆளா எதிரியா என்று பார்க்காமல், காயம் எவ்வளவு மோசம் என்பதை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தியவர் அவர். அந்த வழக்கம்தான் இன்று பல நாட்டு எமர்ஜென்சிகளிலும் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் விபத்து, அவசர சிகிச்சைப் பிரிவுகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். பிரிட்டனில் மான்செஸ்டர் முறையில் ஐந்து நிறம்: சிவப்பு என்றால் அந்த நிமிடமே, நீலம் என்றால் நான்கு மணி நேரம் வரை இருக்கலாம். ரேஷன் கடையில் முதலில் வந்தவருக்கு முதலில் அரிசி. இங்கே அந்தக் கணக்கு கிடையாது. உங்களுக்குப் பின்னால் வந்தவரை முதலில் உள்ளே கூட்டிப் போனால் அது சிபாரிசாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

சரி, யார் சிவப்பு, யார் பச்சை என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

வாசலில் இருக்கும் சிஸ்டரின் கண்ணைக் கவனியுங்கள். உங்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வாட்சைப் பார்ப்பார். நாடி பார்க்கிறார் என்று நினைப்போம். நாடி பார்த்து முடித்த பிறகும் கையை விடமாட்டார். ஓரக்கண்ணால் உங்கள் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருப்பார். மூச்சை எண்ணப்போகிறேன் என்று சொல்லிவிட்டால் யாராக இருந்தாலும் மூச்சு மாறிவிடும். அதனால்தான் சொல்லாமல் எண்ணுகிறார்கள். பெரியவர்கள் சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு இருக்கலாம். நோயாளி எவ்வளவு மோசமாக இருக்கிறார் என்று கணிக்கப் பிரிட்டனில் 2012-ல் கொண்டுவந்த மதிப்பெண் முறையில் 25-ம் அதற்கு மேலும் போனால், அந்த ஒரு அளவுக்கே அதிகபட்ச மதிப்பெண் போட்டுவிடுவார்கள். இவ்வளவு மெஷின் இருக்கிற இடத்தில், ஆள் மோசமாகிக்கொண்டிருக்கிறார் என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது பல நேரம் இந்த மூச்சு எண்ணிக்கைதான்.

அதேபோல, "ஐயோ அம்மா" என்று கத்துகிறவரை விட்டுவிட்டு மூலையில் பேசாமல் சாய்ந்திருப்பவரிடம் போவார்கள். பார்க்கிறவர்களுக்கு அநியாயமாகத் தெரியும். கத்த முடிகிறது என்றால் மூச்சுப் பாதை திறந்திருக்கிறது, நினைவு இருக்கிறது என்று அர்த்தம். குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். வீறிட்டு அழும் குழந்தையைவிட, ஊசி போட்டாலும் அழாமல் துவண்டு கிடக்கும் குழந்தையைப் பார்த்துத்தான் டாக்டர்கள் பயப்படுவார்கள்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கிளிப்புக்கு நெயில் பாலிஷ் ஆகாது. அழிக்கச் சொன்னால் கோபப்படாதீர்கள்.

[திரையில்: மறுபடியும் அந்தக் குழாய்.]

இப்போது பாம்புக்கு வரலாம்.

கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம் ரத்தத்தில் கலந்தால், ரத்தம் உறைவதற்குத் தேவையான புரதங்களைத் தீர்த்துக் கட்டிவிடும். அப்புறம் ஈறிலிருந்தும் சிறுநீரிலும் ரத்தம் போகும், நிற்காது. விஷம் ஏறியிருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழிதான் இந்தக் குழாய். இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் வைக்க வேண்டும். 20 நிமிடம் கழித்து ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்ப்பார்கள். கட்டியாக அடியிலேயே நின்றால் ரத்தம் உறைகிறது. தண்ணீர் மாதிரி ஓடினால் விஷம் ஏறிவிட்டது.

எவ்வளவு அழகான சோதனை பாருங்கள்! கரண்ட் வேண்டாம், லேப் வேண்டாம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் நள்ளிரவில்கூடச் செய்யலாம். பிளாஸ்டிக் குழாயில் செய்தால் பலிக்காது, கண்ணாடியின் பரப்புதான் உறைதலைத் தூண்டிவிடுகிறது. சோப்பு போட்டுக் கழுவிய பழைய குழாயும் தப்பான முடிவு காட்டும். நடுவில் யாராவது எடுத்து ஆட்டிப் பார்த்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். குழாய் பக்கத்தில் யாரும் வரவில்லை என்றால் சந்தோஷப்படுங்கள்!

முதல் முறை உறைந்துவிட்டாலும் அனுப்பிவிட மாட்டார்கள். விஷம் மெதுவாக ஏறலாம் என்பதால் மறுபடி மறுபடி எடுப்பார்கள். "எத்தனை தடவைதான் ரத்தம் எடுப்பீங்க" என்று அதற்கும் ஒரு சண்டை வரும்.

"வந்ததுமே மருந்தைப் போட்டிருக்கலாமே" என்று கேட்கலாம். பாம்பு கடித்தாலே விஷம் இறங்கியிருக்க வேண்டும் என்றில்லை, வெறும் கடியாகவும் இருக்கலாம். விஷமுறிவு மருந்து குதிரையின் உடம்பில் உருவாக்கி எடுப்பது. சிலருக்கு அதுவே கடுமையான ஒவ்வாமையைக் கிளப்பி உயிருக்கு ஆபத்தாகிவிடும். அதனால்தான் தேவையா என்று உறுதிப்படுத்திக்கொண்டு போடுகிறார்கள்.

போட முடிவு செய்த பிறகும் ஒரு தாமதம் இருக்கிறது. மருந்து பெரும்பாலும் பொடியாக வரும். குப்பிக்குப் பத்து மில்லி நீர் விட்டுக் கரைக்க வேண்டும், முதல் தவணைக்கே பத்துக் குப்பி வரை போகும். வேகமாகக் குலுக்கினால் நுரைத்துவிடும். அதனால் ஒரு சிஸ்டர் உள்ளங்கையில் குப்பியை வைத்து மெதுவாக உருட்டிக்கொண்டு நிற்பார், பொடி முழுக்கக் கரைந்த பிறகுதான் அடுத்ததை எடுப்பார். தூரத்திலிருந்து பார்க்கும் குடும்பத்துக்கு, அவசரமே இல்லாமல் ஒருவர் எதையோ உருட்டிக்கொண்டிருப்பதாகத்தான் தெரியும்.

ஒன்றைச் சொல்லாமல் போக மனசில்லை. இந்த மருந்து தயாரிக்கத் தேவையான விஷம் மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. 1978-ல் தொடங்கிய சங்கம். இந்தியா முழுக்க எத்தனையோ பேர் பிழைத்து எழுந்ததில் அந்த மக்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

கட்டுவிரியன் விஷயம் வேறு. அதன் விஷம் நரம்பைத் தாக்கும், ரத்தம் நன்றாகவே உறையும். கடித்த இடத்தில் வலி இருக்காது, தடம்கூடச் சரியாகத் தெரியாது. தூங்குகிறவரைக் கடித்துவிட்டுப் போய்விடும். விடியற்காலையில் ஒருவர் வயிற்று வலி என்று வருகிறார். அனுபவமுள்ள சிஸ்டர் கேட்கும் கேள்வி, "ராத்திரி தரையிலயா படுத்திருந்தீங்க?" வயிற்று வலிக்கும் தரைக்கும் என்ன சம்பந்தம் என்று நமக்கு எரிச்சல் வரும். அடுத்து, "தலையை அசைக்காம மேல ஃபேனைப் பாத்துக்கிட்டே இருங்க" என்பார். இமை தானாகச் சரிந்து இறங்கினால் விஷம் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. அடுத்து மூச்சுத் தசை நிற்கலாம். வென்டிலேட்டரைத் தயார் செய்ய ஓடுவார்கள். சம்பந்தமில்லாததுபோல ஒரு கேள்வி கேட்டால், தயவுசெய்து பதில் சொல்லுங்கள்.

[திரையில்: காத்திருப்போர் நாற்காலிகள்.]

சரி, புகாரில் பாதி நியாயம் என்றேனே, அதற்கு வருகிறேன்.

என் சித்தப்பாவை நெஞ்சு வலி என்று ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தோம். உள்ளே போனதும் ஈசிஜி எடுத்தார்கள், நார்மல். ரத்தம் எடுத்தார்கள், அதுவும் நார்மல். "அப்சர்வேஷன்ல இருக்கட்டும்" என்று ஒரு வார்த்தையோடு போய்விட்டார்கள். கேட்டால் "டாக்டர் வருவார்", மறுபடி கேட்டால் "வெயிட் பண்ணுங்க". சித்தி நேரம் ஆக ஆகக் கொதித்துவிட்டார். "எல்லாம் நார்மல்னு அவங்களே சொல்லிட்டாங்க, பில்லை ஏத்தத்தான் வச்சிருக்காங்க, கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பலாம்" என்று பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். அப்போது நைட் டியூட்டிக்கு வந்த ஒரு சிஸ்டர் பக்கத்தில் வந்து, "அம்மா, ஹார்ட் அட்டாக்கா இருந்தாலும் முதல் ரத்தத்துல தெரியாமப் போகலாம். இதயத் தசை அடிபட்டா ரத்தத்துல ஏறுற ஒரு புரதம் இருக்கு, மூணு மணி நேரம் கழிச்சு எடுக்கறதுல அது ஏறியிருக்கான்னு பாக்கணும். அதுக்குத்தான் வச்சிருக்கோம்" என்றார். சித்தி பையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார். இரண்டாவது ரத்தத்தில் அளவு ஏறியிருந்தது.

அந்த சிஸ்டர் வராமல் இருந்திருந்தால் சித்தப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்திருப்போம். மருத்துவ ரீதியாக அந்த மருத்துவமனை எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தது. எதற்காகக் காத்திருக்கிறோம் என்று அதுவரை யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். என்னைக் கேட்டால் அது மரியாதைக் குறைவோடு நிற்கிற விஷயம் இல்லை, சிகிச்சையிலேயே ஒரு ஓட்டை. ஊசி போடுவது எப்படி வேலையோ, "இதுக்காக இவ்வளவு நேரம் இருக்கணும்" என்று சொல்வதும் அப்படி ஒரு வேலையாக டியூட்டியில் எழுதப்பட வேண்டும். ராத்திரி நேரத்தில் ஒரு டியூட்டி டாக்டரும் இரண்டு மூன்று ஹவுஸ் சர்ஜன்களும் மொத்தக் கூட்டத்தையும் சமாளிக்கும் இடத்தில் ஒவ்வொருவருக்கும் விளக்க நேரம் கிடைக்காது, ஒப்புக்கொள்கிறேன். சுவரில் தமிழில் ஒரு போர்டு வைக்க முடியுமே? "பாம்புக்கடி: ரத்தம் 20 நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும்." "நெஞ்சு வலி: இரண்டாவது ரத்தம் அவசியம்." பத்து வரி போதும்.

இந்த மௌனம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்றும் பார்க்கிறோம். மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அப்படியும் 2024 நவம்பரில் சென்னை கிண்டியில் ஓர் அரசு மருத்துவர் பணியில் இருக்கும்போதே கத்தியால் குத்தப்பட்டார். அடிப்பதற்கு எந்தக் காரணமும் காரணம் ஆகாது, இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

நம் பக்கம் செய்ய வேண்டியது: வாசலில் முதல் அரை நிமிடத்தில் மூன்றைச் சொல்லுங்கள். என்ன ஆச்சு, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, சுகர், பிரஷருக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறார். நேரம் ரொம்ப முக்கியம். பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். "காலையிலருந்து" என்றால் அவர்களால் கணக்குப் போட முடியாது. சுகர் உள்ளவர்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமல் அட்டாக் வரலாம், வாயு என்று நினைத்து வீட்டில் உட்காராதீர்கள். பாம்புக்கடியில் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், பாம்பைப் பிடித்துக்கொண்டும் வராதீர்கள்.

காக்க வைத்தால், "எதுக்காக வெயிட் பண்றோம் சிஸ்டர்? இதுக்குள்ள என்ன மாறினா உங்களைக் கூப்பிடணும்?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விதான் முக்கியமானது.

சட்டம் இரண்டே வரி. போலீஸ் வந்தால்தான் பார்ப்போம் என்று எந்த மருத்துவமனையும் சொல்லக்கூடாது, உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. சாலை விபத்து என்றால், 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரம் சிகிச்சைச் செலவைத் தமிழக அரசு ஏற்கிறது, 2021 டிசம்பரிலிருந்து.

எமர்ஜென்சியில் உங்களிடம் பொறுமையாக ஒரு வரி விளக்கிச் சொன்ன சிஸ்டரோ டாக்டரோ இருந்தால் அந்த வரியைக் கமெண்ட்டில் எழுதுங்கள், மருத்துவமனைப் பெயர் வேண்டாம். 108-ல் வேலை பார்ப்பவர்கள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், வண்டியில் ஏற்றும்போது குடும்பத்திடம் முதலில் என்ன கேட்பீர்கள் என்று சொல்லுங்கள். அடுத்த வீடியோவை அதை வைத்தே எடுக்கலாம் என்று இருக்கிறேன்.