உப்புப் பாக்கெட்டில் தேதி எழுதுங்கள்: வயதானவர்களின் பிபியும் வீட்டுச் சாப்பாடும்

[காட்சி: சமையல் மேடை. புதிதாகப் பிரித்த ஒரு கிலோ உப்புப் பாக்கெட். அதன்மேல் தேதி எழுதும் கை.]

"அப்பாவுக்கு பிபி, அதனால் உப்பைக் குறைச்சாச்சு." பல வீடுகளில் இதைக் கேட்கலாம். எவ்வளவு குறைத்தீர்கள் என்றால் பதில் வராது. பாக்கெட்டைப் பிரித்த அன்றே அதன்மேல் தேதி எழுதிவிடுங்கள், கணக்கு தானாக வரும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள். நாலு பேர் வீட்டுக்கு 20 கிராம். அப்படியென்றால் ஒரு கிலோ 50 நாள் வர வேண்டும். 25 நாளிலேயே பாக்கெட் காலியானால் ஆளுக்கு 10 கிராம் உள்ளே போகிறது. கடை மிக்சரும் அப்பளமும் இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

கல் உப்போ, இந்துப்போ, பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். மாற்றிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

[காட்சி: தட்டில் தயிர்சாதம், ஓரத்தில் ஊறுகாய், சுட்ட அப்பளம்.]

வயதாக ஆக ரத்தக்குழாய் விறைக்கிறது, சிறுநீரகம் உப்பை வெளியேற்றத் திணறுகிறது. உடம்பில் தங்கும் உப்பு தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும், பிபி ஏறும். நாக்கில் ருசியும் மங்குவதால் "உப்பே இல்லையே" என்று பெரியவர்கள் இன்னும் கேட்பார்கள். ஒரே நாளில் சப்பென்று பரிமாறினால் சாம்பாரை ஒதுக்கிவிட்டு ஊறுகாய் ஜாடியைத் தேடுவார்கள்.

அதனால் படிப்படியாக இறங்குங்கள். சாம்பாருக்கு நாலு ஸ்பூன் போடுகிறவர் மூன்றாக்கி, இரண்டு வாரம் அங்கேயே நில்லுங்கள். நாக்கு பழகியதும் அடுத்த கால் பங்கு. ரசத்தில் மிளகு, சீரகத்தைக் கூட்டுங்கள். பொரியலுக்கு இறக்கும்போது உப்பைத் தூவி எலுமிச்சை பிழிந்தால், உப்பு மேலாக நிற்பதால் குறைவாகப் போட்டாலும் நாக்குக்குத் தெரியும். இட்லி மாவில் பாதி உப்பு போதும். ஆனால் மாவு சீக்கிரம் புளிக்கும்; பொங்கியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

அப்பளத்தைப் பொரிக்காமல் சுட்டால் எண்ணெய்தான் மிச்சம். உப்பும் அப்பளக்காரமும் அப்படியே இருக்கும், இரண்டிலும் சோடியம். கருவாட்டை எத்தனை தண்ணீரில் அலசினாலும் உப்பு முழுக்கப் போகாது.

[காட்சி: கீரைக்கட்டு, வாழைப்பழம், இளநீர். பக்கத்தில் மாத்திரை அட்டை.]

கீரை, பருப்பு, வாழைப்பழம், இளநீரில் பொட்டாசியம் உண்டு. சோடியத்தைச் சிறுநீரில் தள்ள அது உதவும். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதிலும் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடுதான். சீனக் கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், 25 சதவீதம் பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது.

இங்கேதான் கவனம் வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், டெல்மிசார்டன், எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அந்த உப்பைத் தாங்களாக ஆரம்பிக்கக் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), பொட்டாசியம் இரண்டையும் பார்த்த பிறகு டாக்டர் சொல்லட்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. சிறுநீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் பாட்டிக்கு உப்பில்லாக் கஞ்சியாகவே கொடுத்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கலாம். பேச்சு குழறும், நடை தள்ளாடும், பகலெல்லாம் தூங்குவார். வயசாகிவிட்டது என்று விடாதீர்கள், அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

[காட்சி: நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்த பெரியவர், கையில் பிபி பட்டை.]

பிபி பார்க்குமுன் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வையுங்கள். காபி குடித்து அரை மணி ஆகியிருக்க வேண்டும். முதலில் உட்கார்ந்து ஒருமுறை, பிறகு எழுந்து நின்ற ஒன்றாவது, மூன்றாவது நிமிடங்களில். நின்றதும் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அந்த எண்களைக் குறித்து டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். அதுவரை ராத்திரி பாத்ரூம் போக எழுந்தால், தலைசுற்றி விழாமல் இருக்க கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நடக்கட்டும்.