லீடாவைப் பார்த்து வரைந்த ரஃபேல்

(ஓவிய ரசனைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம். திரையில் தெரிகிற இந்தக் கோட்டோவியம் இத்தாலிய ஓவியர் ரஃபேல் வரைந்தது. தாளில் பேனாவும் மையும்; உயரம் சுமார் 31 சென்டிமீட்டர்; காலம் 1507 வாக்கில். இங்கிலாந்து அரச சேகரிப்பில், விண்ட்சர் கோட்டையில் இருக்கிறது. நிற்பவள் ஸ்பார்ட்டாவின் அரசி லீடா. அவளை ஒட்டி நிற்கும் அன்னம், உருமாறி வந்த கிரேக்கக் கடவுள் ஜீயஸ். அவள் இட்ட முட்டையிலிருந்து பிறந்தவள்தான் டிராய் போருக்குக் காரணமான ஹெலன். கதை இவ்வளவு போதும்.

இந்த லீடாவை முதலில் கற்பனை செய்தவர் ரஃபேல் அல்ல, லியொனார்டோ டா வின்சி. ‘அப்படியானால் காப்பியா?’ என்று யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. காப்பியேதான், ஐயா. அதில் அன்றைக்கு யாருக்கும் வெட்கம் இல்லை. 1504இல் ரஃபேல் புளோரன்ஸுக்கு வந்தபோது அவருக்கு வயது 21. லியொனார்டோ ஐம்பதைத் தாண்டியவர். லீடாவை முதலில் மண்டியிட்டவளாக வரைந்து பார்த்தார். பிறகுதான் எழுந்து நிற்க வைத்தார். ரஃபேல் கண்டது முடிந்த ஓவியமாக இருக்காது, அதற்காக லியொனார்டோ தயாரித்த வரைபடமாக இருக்கும் என்பதே அறிஞர்கள் பலரின் கருத்து.

தொடையையும் வயிற்றையும் கவனியுங்கள். நிழலுக்காகப் போட்ட கோடுகள் நேராக ஓடாமல் உடம்பின் உருட்சியைத் தழுவி வளைகின்றன. அந்த ஆண்டுகளில் லியொனார்டோ கையாண்ட முறை அது. ஆக, இளைஞர் உருவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. பெரியவரின் பேனா நடக்கும் நடையையும் சேர்த்தே பழகிக்கொண்டார்.

பழகியது வீண்போகவில்லை. லண்டன் நேஷனல் கேலரியில் ரஃபேலின் புனித கேத்தரின் இருக்கிறாள். இடுப்பு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம், முகம் வேறொரு பக்கம் என்று திரும்பும் அந்த முறுக்கு லீடாவிடம் கற்றது. அன்னம் போய், கேத்தரினை வதைக்கக் கொண்டுவந்த சக்கரம் வந்தது. உடம்பை ஆடை மூடியது. கிறிஸ்தவத் தியாகிக்குக் கிரேக்க அரசியின் ஒயில்! அதை வரைகையில் ரஃபேல் உள்ளூரச் சிரித்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

லியொனார்டோவின் ஓவியம் என்ன ஆயிற்று? 1625இல் கஸ்ஸியானோ தால் பொஸ்ஸோ என்ற இத்தாலியர் அதைப் பிரான்சின் ஃபோன்டேன்புளோ அரண்மனையில் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். நெடுக்காக இணைத்த மூன்று பலகைகள். இணைப்புகள் விரிந்து வண்ணம் உதிர்ந்திருந்ததாம். அந்த நூற்றாண்டுக்குப் பிறகு தடயமே இல்லை.

மிஞ்சியவை நகல்கள்தான். இங்கிலாந்தின் வில்டன் மாளிகையில் லியொனார்டோவின் வழிவந்த ஓவியர் செசாரே தா செஸ்தோ வரைந்ததாகக் கருதப்படுவது ஒன்று, புளோரன்ஸின் உஃபிஸி கேலரியில் ஒன்று, ரோமின் போர்கேஸே கேலரியில் ஒன்று. சுவடிகளில் பாடபேதம் பார்ப்பதுபோல இவற்றை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். பின்னணி நிலக்காட்சி ஒவ்வொன்றிலும் மாறுகிறது. அது நகலெடுத்தவரின் கைச்சரக்கு. லீடா நிற்கும் விதம் மாறவில்லை, அது குருவினுடையது. மூலவர் உயிரோடு இருந்தபோதே, அவர் வேலை செய்த ஊரிலேயே வரையப்பட்டது என்பதால் ரஃபேலின் தாளுக்கு இந்த வழக்கில் தனி மதிப்பு.

கூந்தலுக்கு வருகிறேன். லீடாவின் தலையலங்காரத்துக்காக லியொனார்டோ வரைந்த பயிற்சிகளும் அதே விண்ட்சரில்தான் இருக்கின்றன. சுருள் சுருளாகப் பின்னல்கள். ஓவியத்தில் எவர் கண்ணுக்கும் படாத பின்னந்தலையைக்கூட விடாமல் வரைந்திருக்கிறார். பக்கத்திலேயே ஒரு குறிப்பு: இதைக் குலையாமல் கழற்றி மாட்டலாம் என்று. அதாவது, அந்த அரசிக்கு அவர் யோசித்தது சவுரிமுடி! ரஃபேல் அந்த ஆராய்ச்சிக்கெல்லாம் போகவில்லை. பின்னல் எப்படிச் சுற்றி வருகிறது என்பதை மட்டும் பேனாவில் பிடித்துக்கொண்டு, அடுத்து தோளுக்கு இறங்கிவிட்டார்.