லேசான கார்பைனும் அதன் சைட்டும்

நேயர்களுக்கு வணக்கம். போலீஸ் ஆயுதப்படையில் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். வேலூர்ப் பக்கம் என்.சி.சி. பிள்ளைகள் என்னிடம் ஓயாமல் கேட்பது இதுதான்: "சார், கார்பைன் லேசா இருக்கே, அதுல சுடறது சுலபம்தானே?"

சுமப்பது சுலபம். சுடுவது வேறு சங்கதி. அதில் சைட்டுக்கு, அதாவது குறிபார்க்கும் அமைப்புக்கு, பெரிய பங்கு.

குதிரைமேல் இருப்பவன் நீளத் துப்பாக்கியைக் கையாள முடியாது என்றுதான் குழலைக் குட்டையாக்கி கார்பைன் செய்தார்கள். 1806 ஜூலை 10 அன்று நம் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்தபோது, ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி ஆற்காட்டிலிருந்து கூட்டி வந்த டிராகூன்களும் குதிரைப்படைதான். சிப்பாய்கள் கையில் இருந்ததோ மஸ்கட் என்ற பழைய நீளத் துப்பாக்கி. அதில் கண்ணுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய பின் சைட்டான பேக்சைட்டே கிடையாது; குழல் போகிற திசையில் உத்தேசமாகச் சுட வேண்டியதுதான்.

போலீஸில் நாங்கள் பழகிய 9 மி.மீ. கார்பைன் சுமார் 2.7 கிலோ. நம் நாட்டில் செய்த இன்சாஸ் ரைபிள் 4 கிலோவுக்கு மேல். துப்பாக்கி லேசாக ஆக, நம் மூச்சும் நாடித்துடிப்பும் குழல் நுனிப் பக்கம் இருக்கும் ஃபோர்சைட் முனையில் அதிகம் தெரியும். அதைவிடப் பெரிய சங்கடம், இரண்டு சைட்டுக்கும் நடுவே உள்ள தூரம். அது 40 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபோர்சைட் 1 மி.மீ. விலகினால் 50 மீட்டரில் குண்டு 12.5 செ.மீ. தள்ளிப் போகும். 60 செ.மீ. உள்ள ரைபிளில் அதே பிசகு 8 செ.மீ. சொச்சத்தோடு நிற்கும். பையன் கை நடுங்குகிறான் என்று திட்டுவோம். பாதிக் குற்றம் குட்டைக் குழலுடையது.

இங்கேதான் ரெட் டாட் என்ற சைட் கைகொடுக்கிறது. கண்ணாடியில் தெரியும் சிவப்புப் புள்ளியை டார்கெட்டில் வைத்தால் போதும், இரண்டு சைட்டைச் சேர்க்கிற வேலை இல்லை. இரு கண்ணையும் திறந்தே சுடலாம். நம் நாட்டு ஜே.வி.பி.சி. மாதிரிப் புதுக் கார்பைன்களில் அதை மாட்ட மேலே 'ரெயில்' என்ற பள்ளம் வெட்டிய பட்டை வைத்தே தருகிறார்கள். கிட்டத்தில், அவசரத்தில் சுட வேண்டியவருக்கு என் ஓட்டு இதற்குத்தான். பேட்டரியை மட்டும் மறக்கக் கூடாது.

டெலஸ்கோப்? லேசான கார்பைனில் வேண்டாம் என்பேன். டார்கெட்டைப் பெரிதாக்கும்போது உங்கள் ஆட்டத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். நம்ம ஊர் கத்திரி வெயிலில் பத்து மணிக்கு மேல் ரேஞ்சில் கானல் எழும்பிவிட்டால், டெலஸ்கோப்புக்குள்ளே டார்கெட் தண்ணீரில் கிடப்பது போல நெளியும். எடை கூடுவது தனி.

ஆனால் கற்றுக்கொள்ள வருகிறவருக்கு நான் கொடுப்பது அபர்ச்சர் சைட், அதாவது பின்னால் சின்னத் துளை வைத்தது. துளையின் நடுவைக் கண் தானாகவே பிடித்துக்கொள்ளும். நீங்கள் ஃபோர்சைட்டை மட்டும் பார்த்தால் போதும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வென்ற 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் டெலஸ்கோப்புக்கு அனுமதி இல்லை. அங்கே பத்துப் புள்ளிக்கான வட்டத்தின் விட்டம் அரை மி.மீ.! துளை வழியாகத்தான் அதை அடிக்கிறார்கள்.

எந்த சைட்டானாலும் முதல் குண்டு விலகியதுமே திருகாணியைத் திருப்பாதீர்கள். ஐந்து ரவுண்டு நிதானமாகப் போடுங்கள். ஓட்டைகள் ஒரே இடத்தில் கூடி, நடுவை விட்டுத் தள்ளி இருந்தால் சைட்டைத் திருத்தலாம். நாலா பக்கமும் சிதறியிருந்தால் சைட்டைத் தொடாமல், துப்பாக்கியின் பின்கட்டையான பட் தோளில் சரியாகப் பதிந்ததா, டிரிகரை வெடுக்கென்று இழுத்தீர்களா என்று பாருங்கள். வணக்கம்.