பெர்கிஸல் கோபுரத்தின் உச்சியில், காற்றோடு ஒரு மல்லுக்கட்டு

வணக்கம் மக்களே! இப்போது குரல் தெளிவாகக் கேட்கிறதா? கேட்கும் என்றுதான் நினைக்கிறேன். மைக்குக்கு மாட்டும் அந்தச் சாம்பல் நிற முடி உறை, நீங்கள் எல்லோரும் கமெண்டில் 'பூனைக்குட்டி' என்று பேர் வைத்தீர்களே, அது போய்விட்டது. ஒரே ஒரு வீச்சு. கண் முன்னாலேயே கிளிப்போடு பிய்த்துக்கொண்டு சரிவுப் பக்கம் பறந்தே போய்விட்டது. அப்புறம் கம்பளிக் கையுறையின் கட்டைவிரலை வெட்டி மைக்கில் மாட்டினேன். பாருங்கள், அளவெடுத்துத் தைத்த மாதிரி! வெட்டுவதற்கு முன்னால் சுண்டுவிரலையும் மாட்டிப் பார்த்தேன், அது ரொம்ப இறுக்கம். கட்டைவிரல்தான் சரி. குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இனி காசு கொடுத்து உறை வாங்கவே மாட்டேன்.

சரி, எங்கே நிற்கிறேன் என்று சொல்லவே இல்லையே. ஆஸ்திரியாவில், இன்ஸ்ப்ரூக் நகரத்தின் பெர்கிஸல் ஸ்கி ஜம்பிங் கோபுரம். ஸ்கி ஜம்பிங் என்றால், காலில் ஸ்கி பலகை மாட்டிச் சறுக்கி வந்து, காற்றில் தாவி எவ்வளவு தூரம் பறக்கிறார்கள் என்று பார்க்கும் போட்டி. கட்டடக் கலைஞர் ஜாஹா ஹதீத் வடிவமைத்தது, 2002-இல் கட்டி முடித்தார்கள். ஏறக்குறைய 50 மீட்டர் உயரக் கான்கிரீட் தண்டு, அதன் தலையில் கண்ணாடி சுற்றிய உணவகம், அதற்கும் மேலே இந்தத் திறந்த தளம். உயரம் என்றால் எனக்கு என்ன ஆகும் என்பது கண்ணாடிப் பாலம் வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும். இங்கே அதிசயமாகக் கால் நடுங்கவில்லை. ஆனால் கண்ணாடிக்குள் நின்று படம் எடுத்தால் என் சிவப்பு ஜாக்கெட்தான் பிரதிபலித்தது, அதனால்தான் மேலே வந்தேன். வந்ததும் பூனைக்குட்டி போயிற்று.

இப்போது கேமராவைக் கீழே திருப்புகிறேன். சறுக்குப்பாதை, இறங்கும் சரிவு, அரங்கம், அதற்கு நேர் எதிரே வில்டன் கல்லறைத் தோட்டம். நிஜமாகவே கல்லறை! சறுக்கப் புறப்படும் கம்பியில் உட்காரும் வீரரின் பார்வை நேராக அங்கேதான் போகும். யார் யோசித்து வைத்ததோ தெரியவில்லை, எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

என் கோபம் எல்லாம் காற்றின் மேல்தான். இங்கே ஃபோன் என்று ஒரு மலைக்காற்று உண்டு, தெற்கிலிருந்து ஆல்ப்ஸைத் தாண்டி இறங்கும். ஆண்டுதோறும் புத்தாண்டை ஒட்டி ஜெர்மனி, ஆஸ்திரியாவின் நான்கு தாவு மலைகளில் நடக்கும் ஸ்கி ஜம்பிங் போட்டி, நான்கு மலைத் தொடரில் ஓபர்ஸ்டோர்ஃப், கார்மிஷ் பார்டன்கிர்ஷன் முடிந்து மூன்றாவதாக வருவது பெர்கிஸல். கடைசி பிஷோஃப்ஸ்ஹோஃபன். 2008-இலும் 2022-இலும் காற்றினால் இங்கே போட்டியே நடக்கவில்லை, இரண்டு முறையும் பிஷோஃப்ஸ்ஹோஃபனுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். என் உறை போனதற்கு நான் இவ்வளவு புலம்புகிறேன், அவர்களுக்கு முழுப் போட்டியே போயிற்று!

காற்று என்றால் எதிர்க்காற்றுதான் கெட்டது என்று நினைப்போம் இல்லையா? இங்கே நேர் எதிர். எதிரே வரும் காற்று வீரரைத் தாங்கிப் பிடிக்கும், தூரம் கூடும், அதனால் புள்ளியைக் கழிப்பார்கள். முதுகுப் பக்கமிருந்து வந்தால் கீழே அமுக்கும், அதற்குப் புள்ளி கூட்டுவார்கள். ஆக, அதிகத் தூரம் பறந்தவர் தோற்கலாம். இந்தக் கணக்கு நியாயம்தான், நான் அதன் பக்கம். காத்திருப்புதான் எனக்கு ஆகாது. 2025 ஜனவரியில் பிஷோஃப்ஸ்ஹோஃபனில், தொடரின் கடைசித் தாவலுக்காக ஸ்டெஃபான் கிராஃப்ட் மேலே தயாராக இருக்கிறார். காற்று சரியில்லை என்று காக்க வைக்கிறார்கள். கடைசியில் தொடரை வென்றவர் டேனியல் ட்ஷோஃபெனிக். யான் ஹோர்ல் வெறும் 1.4 புள்ளி பின்னால், கிராஃப்ட் மூன்றாவது. இந்த மாதிரிப் பெரிய தாவு மலையில் பறக்கும் தூரத்துக்கு, ஒரு மீட்டருக்கு 1.8 புள்ளி. நான்கு மலை ஏறி இறங்கி, ஒரு மீட்டர்கூட இல்லாத வித்தியாசம்! அந்தக் காத்திருப்பை நினைத்தால் இன்னும் எரிகிறது.

ஐயோ, புள்ளிக் கணக்கில் ஒன்றை விட்டுவிட்டேன். கேட்! புறப்படும் கம்பியை மேலே கீழே நகர்த்தலாம். கீழே இறக்கினால் வேகம் குறையும், அதற்கும் ஈட்டுப் புள்ளி. அப்புறம் பறக்கும் அழகுக்கு மதிப்பெண் போட ஐந்து நடுவர்கள், ஆளுக்கு 20 வரை. அதிகமானதையும் குறைவானதையும் தள்ளிவிட்டு மூன்றை மட்டும் கூட்டுவார்கள். நடுவர்கள் விஷயத்தில் எனக்குப் பழைய பகை உண்டு. இன்று எல்லோரும் ஸ்கியை வி வடிவில் விரித்துப் பறக்கிறார்களே, 1980-களில் ஸ்வீடனின் யான் போக்லோவ் அப்படிப் பறந்தபோது அழகாக இல்லை என்று மதிப்பெண்ணை வெட்டினார்கள். அப்படி இருந்தும் 1988-89 உலகக் கோப்பையை மனுஷன் தூக்கிவிட்டார். சபாஷ்!

இந்தத் தொடரில் எனக்கு உயிர் எது தெரியுமா? முதல் சுற்றின் நேருக்கு நேர் மோதல். 50 பேர், 25 ஜோடி. ஜோடியில் வென்றவர் அடுத்த சுற்றுக்கு, தோற்றவர்களில் நன்றாகப் பறந்த ஐந்து பேருக்கும் இடம். தகுதிச் சுற்றில் முதலாவது வந்தவர் ஐம்பதாவதோடு மோதுவார். அதனால் தகுதிச் சுற்றைப் பார்க்காமல் நேரடியாகப் போட்டிக்கு வருகிறவர்கள் பாதி சுவையை விட்டவர்கள்.

பெண்கள் போட்டி பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2023-24 சீசனில் அவர்களுக்கென்று தொடங்கியபோது ஜெர்மனியின் இரண்டு மலைகள் மட்டும்தான், இந்தக் கோபுரம் பட்டியலில் இல்லை. இது என்ன கணக்கு? சரி, கை விறைக்கிறது, ஒரு கையுறைக்குத்தான் கட்டைவிரல் இல்லையே. மின்தூக்கியில் இறங்கிப் போய் அரங்கத்தில் இருக்கும் ஒலிம்பிக் தீபக் கிண்ணங்களைக் காட்டுகிறேன். 1964, 1976 குளிர்கால ஒலிம்பிக் இரண்டும் இந்த ஊரில்தான். வாங்க!